திரும்பி வந்த படகு

2018-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 24-ஆம் நாள். அந்தமான் தீவுக்கூட்டத்தின் மேற்கே, வடக்கு சென்டினல் என்னும் சிறு தீவின் அருகே காவல்துறையினர் சென்ற படகு ஒன்று வந்து நின்றது. கரைக்கும் படகுக்கும் இடையே சுமார் 400 மீட்டர் தூரம். படகில் இருந்தவர்கள் தொலைநோக்கி வழியே கரையைப் பார்த்தனர். வில்லும் அம்பும் ஏந்திய மனிதர்கள் சிலர் அங்கே நின்றிருந்தனர். அவர்களும் படகையே பார்த்துக்கொண்டிருந்தனர்.

ஒரு வாரத்துக்கு முன்புதான் அந்தக் கரையில் 26 வயது அமெரிக்க இளைஞர் ஒருவர் உயிரிழந்திருந்தார். அவருடைய உடல் அந்த மணலில் எங்கோ புதைக்கப்பட்டிருந்தது. கொலை வழக்கும் பதிவாகியிருந்தது. உலகின் பல நாடுகளிலிருந்தும் செய்தியாளர்கள் கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தனர். படகில் வந்தவர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய அரசின் வலிமை முழுவதும் இருந்தது. எதிரே நின்றவர்களிடம் இருந்தவை வில்லும் அம்பும்தான்.

ஆனால் படகு முன்னே செல்லவில்லை. மோதல் நேர்ந்துவிடக் கூடாது என்று கருதி அது திரும்பிவிட்டது. அந்த இளைஞரின் உடல் மீட்கப்படவில்லை. தீவு மக்களில் எவரும் கைது செய்யப்படவில்லை.

காவல் அதிகாரிகள் தங்கள் பணி அனுபவங்களைச் சொல்லும்போது, கேட்பவர்கள் வழக்கமாக எதிர்பார்ப்பது வேறு. தப்பியோடிய கொள்ளையனை விரட்டிப் பிடித்தது, கலவரத்தின் நடுவே அஞ்சாமல் நின்றது, வெள்ளத்தில் குதித்துக் குழந்தையைத் தூக்கி வந்தது போன்றவையே நினைவில் நிற்கின்றன. அவை போற்றத் தக்கவை என்பதில் ஐயமில்லை. போன காரியத்தை முடிக்காமல் திரும்பி வந்த அனுபவத்தை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. எனினும், அறத்தைப் பற்றிச் சிந்திப்பவர்களுக்கு அந்தமான் கடலில் திரும்பிய அந்தப் படகு ஒரு கேள்வியை முன்வைக்கிறது. செய்வதற்கு வலிமை இருக்கிறது, செய்யச் சொல்லும் சட்டமும் இருக்கிறது. அந்நிலையில் ஒருவன் செய்யாமல் திரும்புவது கடமையிலிருந்து தவறுவதா? அல்லது கடமையின் உட்பொருளை உணர்ந்து நடப்பதா?

நடந்தது என்ன?

வடக்கு சென்டினல் சுமார் 60 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேருக்கு மேற்கே, சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் அது உள்ளது. அங்கு வாழும் மக்களின் மொழி வெளியுலகில் எவருக்கும் தெரியாது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதுகூட, தொலைவிலிருந்து பார்த்து 15 பேர் என்று குறித்துக்கொள்ளத்தான் முடிந்தது. வெளியார் தங்களிடம் வருவதை அவர்கள் விரும்பவில்லை. அதை அம்புகளால் பலமுறை தெரிவித்திருக்கிறார்கள். பழங்குடியினரைப் பாதுகாப்பதற்காக 1956-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அத்தீவுக்குச் செல்வது குற்றம்.

அந்த அமெரிக்க இளைஞருக்கு, தீவு மக்களிடம் தம் சமயத்தை எடுத்துரைக்க வேண்டும் என்ற ஆவல் நெடுநாளாக இருந்தது. மீனவர்கள் சிலருக்குப் பணம் கொடுத்து, நவம்பர் 14-ஆம் நாள் இரவு அவர் இரகசியமாகப் புறப்பட்டார். மறுநாள் கரையை அணுகியபோது ஓர் அம்பு அவர் கையிலிருந்த வேத நூலில் பாய்ந்தது. அவர் படகுக்குத் திரும்பினார். ஆயினும் 16-ஆம் நாள் மீண்டும் கரைக்குச் சென்றார். 17-ஆம் நாள் காலையில் அவருடைய உடலைத் தீவினர் இழுத்துச் சென்று புதைப்பதை மீனவர்கள் தொலைவிலிருந்து கண்டனர்.

அப்போது அந்தமான் காவல்துறையின் தலைவராக இருந்தவர் தீபேந்திர பதக். வழக்குப் பதிவாயிற்று. அடையாளம் தெரியாதவர்கள் மீது கொலைக் குற்றம் எழுதப்பட்டது. அந்த இளைஞருக்கு உதவிய மீனவர்கள் உட்பட 7 பேர் கைது செய்யப்பட்டனர். சம்பவம் நடந்த இடத்தை அறிவதற்காகப் படகுகள் தீவுப் பக்கம் சென்றன. அதற்கு மேல் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியையும் மானிடவியல் அறிஞர்களைக் கேட்டே தீர்மானிக்க வேண்டும் என்று காவல்துறை முடிவு செய்தது. அந்த மக்களின் வாழ்வைக் குலைக்கக் கூடாது என்பதில் அது உறுதியாக இருந்தது. அந்த உறுதிதான் 400 மீட்டர் தொலைவில் படகை நிறுத்தியது.

சட்டம் அனைவருக்கும் பொதுவன்றோ?

இங்கே நியாயமான ஓர் எதிர்வாதம் எழும். ஓர் உயிர் போயிருக்கிறது. ஏழை செய்தாலும் செல்வன் செய்தாலும் கொலை கொலைதானே? அம்பு எய்தவன் காட்டில் வாழ்கிறான் என்பதற்காக அவனை விட்டுவிட்டால், சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற கோட்பாடு என்னாவது?

இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மகனை இழந்த பெற்றோரின் இடத்தில் நின்று பார்த்தால் அதன் கனம் விளங்கும். எனவே அதற்குரிய விடையையும் பொறுமையாகத் தேட வேண்டும்.

முதலாவதாக, குற்றம் என்பது செயலில் மட்டும் இருப்பதன்று. அதைச் செய்பவனின் அறிவிலும் எண்ணத்திலும் வேர் கொண்டிருக்கிறது. சட்டம் தெரியாது என்று கூறித் தப்ப முடியாது என்பது நீதிமன்றங்களின் பொதுவிதி. ஆனால் அந்த விதி, சட்டத்தை அறிந்துகொள்ளும் வாய்ப்பு ஒருவனுக்கு இருந்தது என்ற அடிப்படையில் நிற்கிறது. தன்னை ஆளும் அரசு ஒன்று உண்டு என்பதையே அறியாதவனுக்கு, அந்த அரசின் சட்டத்தை அறியும் வாய்ப்பு எங்கிருந்து வரும்? அவன் அறிந்ததெல்லாம், கடலிலிருந்து வருபவர்களால் தன் குலத்துக்குத் தீங்கு வரும் என்பதுதான். தன் வீட்டு வாசலில் நின்று அவன் வில்லை வளைத்தான். வேண்டாம் என்று முதல் நாளே அம்பால் சொல்லியும் இருந்தான்.

தடையை அறிந்தவர்கள் இந்தப் பக்கத்தில் இருந்தார்கள். அது தெரிந்தும் படகைச் செலுத்தினார்கள். சட்டம் அவர்களிடம் தயக்கமின்றிச் சென்றது. ஆகவே காவல்துறை அன்று செயலற்று இருந்ததாகச் சொல்ல முடியாது. அறிந்து தவறியவர்களை அது கைது செய்தது. அறியாதவர்களிடமிருந்து விலகி நின்றது. பொறுப்பு அறிவோடு சேர்ந்தே வருகிறது. ஐந்து வயதுக் குழந்தையும் ஐம்பது வயது மனிதரும் ஒரே பொருளை உடைத்தாலும் இருவரையும் நாம் ஒன்றுபோல் கேட்பதில்லை. சமநீதி என்பது எல்லோருக்கும் ஒரே அளவு தண்டனை வழங்குவதாகாது. அவரவர் அறிந்த அளவுக்கு அவரவரைப் பொறுப்பாக்குவதே சமநீதி.

துப்பாக்கி இல்லாமலே கொல்லும் கை

இரண்டாவது விடை வரலாற்றில் இருக்கிறது. அது துயரமானது.

1858-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அந்தமானில் கைதிகளின் குடியிருப்பை நிலையாக அமைத்தபோது, பெரிய அந்தமானியர் எனப்படும் மக்கள் பல குலங்களாகப் பிரிந்து சில ஆயிரம் பேர் வாழ்ந்தனர். அவர்களைத் துப்பாக்கிகள் கொன்றதைவிட நோய்கள் கொன்றதே மிகுதி. 1877-ஆம் ஆண்டில் பரவிய தட்டம்மை ஊர் ஊராக அழித்தது. 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியிருந்தவர்கள் 625 பேர். 1961-ஆம் ஆண்டில் 19 பேர். ஒரு நூற்றாண்டுக் காலத்தில் ஓர் இனம் ஒரே கூடத்தில் அமரக்கூடிய அளவுக்குச் சுருங்கிவிட்டது.

வடக்கு சென்டினல் தீவும் அந்த அனுபவத்திலிருந்து தப்பவில்லை. 1880-ஆம் ஆண்டில் மாரிஸ் போர்ட்மன் என்ற ஆங்கிலேய அதிகாரி ஆயுதம் தாங்கிய குழுவுடன் அங்கே இறங்கினார். முதியவர் இருவரையும் குழந்தைகள் நால்வரையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். நட்பை வளர்ப்பதே தம் நோக்கம் என்று அவர் கருதினார். வந்த சில நாட்களிலேயே அனைவரும் நோயுற்றனர். முதியவர் இருவரும் இறந்தனர். குழந்தைகளைப் பரிசுப் பொருள்களோடு தீவில் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். அந்தக் குழந்தைகள் பரிசுகளோடு வேறு எதையெல்லாம் சுமந்து சென்றார்களோ, யார் அறிவார்?

2018-ஆம் ஆண்டில் ஒரு காவலர் அந்தக் கரையில் இறங்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை இந்தப் பின்னணியில் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் துப்பாக்கியைத் தொட வேண்டியதே இல்லை. அவருடைய ஒரு தும்மல் போதும். நமக்கு மூன்று நாள் சளியாக வந்து போகும் நோய், எதிர்ப்புச் சக்தி இல்லாத அந்த மக்களிடம் கொள்ளை நோயாக மாறலாம். இறந்த ஒருவரின் உடலை மீட்பதற்காக, உயிரோடிருக்கும் ஒரு குலத்தையே பணயம் வைப்பது நீதியாகுமா?

அடக்கத்தைக் கற்ற வரலாறு

இந்த நிதானம் அந்தமான் காவல்துறைக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. அங்கே காவல்துறை தொடக்கத்தில் கற்றது இதற்கு நேர்மாறான பாடம்.

1905-ஆம் ஆண்டில் ‘புஷ் போலீஸ்’ என்ற பெயரில் காட்டுக் காவல் படை ஒன்று அமைக்கப்பட்டது. தெற்கு, நடு அந்தமான் காடுகளில் வாழும் ஜாரவாக்களிடமிருந்து குடியிருப்புகளையும் மரம் வெட்டும் தொழிலாளரையும் காப்பது அதன் பணி. ஜாரவாக்கள் தாக்கினால் காட்டுக்குள் சென்று தண்டிப்பதே அக்கால வழக்கம். நாடு விடுதலை பெற்ற பின்னரும் மோதல்கள் ஓயவில்லை. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்குக் காடு திருத்தப்பட்டு நிலம் வழங்கப்பட்டது. பின்னர் ஜாரவாக்களின் காட்டை ஊடறுத்து அந்தமான் நெடுஞ்சாலை போடப்பட்டது. காடு சுருங்கச் சுருங்க அம்புகள் பாய்ந்தன. குடியேறியவர்களும் இறந்தனர், ஜாரவாக்களும் இறந்தனர். காட்டின் ஓரத்துப் புறக்காவல் நிலையங்களில் இரவு முழுவதும் விழித்திருந்த காவலர்களுக்கு, இலை அசைந்தாலும் அது அம்பின் ஓசையாகவே கேட்டிருக்கும்.

அந்த அச்சச் சூழலில்தான் மாற்றம் அரும்பியது. 1968-ஆம் ஆண்டில் கதம்தலா பகுதியில் ஜாரவா இளைஞர் மூவர் கிராமத்தினரிடம் பிடிபட்டனர். பழைய வழக்கப்படி அவர்கள் தண்டிக்கப்பட்டிருக்கலாம். மாறாக, சுமார் ஒரு மாதம் அன்போடு பராமரிக்கப்பட்டு, பரிசுகளோடு காட்டுக்கு அனுப்பப்பட்டனர். அக்காலத்தில் காட்டுக் காவல் படையில் பணியாற்றிய பக்தாவர் சிங் என்ற பஞ்சாபியக் காவல் அதிகாரி, பகை பாராட்டாமல் பொறுமையோடு அணுகும் முறையை இடைவிடாமல் கைக்கொண்டார். காட்டின் விளிம்பில் தேங்காயும் வாழைப்பழமும் வைக்கப்பட்டன. பல ஆண்டுகள் அவை ஐயத்தோடு எடுத்துச் செல்லப்பட்டன. 1974-ஆம் ஆண்டு பிப்ரவரியில், நடு அந்தமானின் மேற்குக் கரையில், ஜாரவாக்கள் முதன்முறையாக நட்புடன் அணுகி அந்தப் பரிசுகளைக் கையில் வாங்கிக்கொண்டனர். எழுபது ஆண்டுகளாகத் துப்பாக்கிகள் பெற்றுத் தராததைப் பொறுமை பெற்றுத் தந்தது.

அந்தப் பரிசுகளும் குறையற்றவை அல்ல. கொடுத்துப் பழக்குவது அவர்களுடைய தன்னிறைவைக் குலைக்கும், நோயைக் கொண்டுசேர்க்கும் என்று அறிஞர்கள் பின்னாளில் எச்சரித்தனர். 1991-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்டினல் மக்கள் ஆயுதமின்றி வந்து தேங்காய்களை ஏற்றுக்கொண்ட பின்பும், சில ஆண்டுகளில் அத்தகைய பயணங்களை அரசு நிறுத்திக்கொண்டது. தண்டிப்பதிலிருந்து கொடுப்பதற்கும், கொடுப்பதிலிருந்து விலகி நின்று காப்பதற்கும் அந்த நிர்வாகம் படிப்படியாக வந்து சேர்ந்திருக்கிறது. நல்லெண்ணத்துக்கும் ஓர் எல்லை வேண்டும் என்பது அந்தப் படிகளில் கடைசியானது. கற்பதற்கு மிகவும் கடினமானதும் அதுவே.

ஐயமும் வலிமையும் சேரும்போது

வலிமை உள்ளவன் நிதானம் இழந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அந்தமானிலேயே சான்று உண்டு. 1942-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் ஜப்பானியப் படை அத்தீவுகளைக் கைப்பற்றியது. நாளடைவில் அப்படையினர் உள்ளூர் மக்களை ஒற்றர்கள் என ஐயுறத் தொடங்கினர். ஐயத்துக்கு ஆளானவர்கள் செல்லுலார் சிறையில் சித்திரவதை செய்யப்பட்டனர். 1943-ஆம் ஆண்டில் ஒற்றர் என்று குற்றம் சாட்டப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டவர்களுள், காவல் கண்காணிப்பாளராக இருந்த நாராயண் ராவும் ஒருவர். குற்றவாளிகளைக் காவலில் வைக்கும் பொறுப்பில் இருந்தவரே குற்றமின்றிக் காவலில் வதைபட்டார். ஐயம் தீர்ப்பாக மாறவும், தீர்ப்பு துப்பாக்கிக் குண்டாக மாறவும் இடையே ஒருவர்கூட நின்று யோசிக்கவில்லை.

தமிழர்களுக்கு இது புதிய பாடம் அன்று. சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கொல்லச் சென்றவர்களை நினைவுகூர வேண்டும். அவர்களும் ஊர்காவலர்களே. அரசனின் ஆணை அவர்கள் கையில் இருந்தது. ஆயினும் கோவலனை நேரில் கண்டபோது, அவர்களுள் ஒருவன் இவன் தோற்றத்தில் கள்வனின் குறி இல்லையே என்று தயங்கினான். அந்தத் தயக்கம் நீடித்திருந்தால் காப்பியத்தின் கதையே வேறாகியிருக்கும். பொற்கொல்லன் சிரித்தான், கள்வர்களின் தந்திரங்களை அடுக்கினான், தயங்கியவர்களின் மனத்தில் அச்சத்தை ஊட்டினான். அந்த வேளையில், கல்வியறிவும் இல்லாமல் கள்ளின் மயக்கத்திலும் இருந்த ஒருவன் வாளை வீசிவிட்டான்.

அந்த வாளை வீசியவனும் ஆணையைத்தான் நிறைவேற்றினான். சட்டப்படி அவன் மேல் பிழை இல்லை. ஆனால் பாண்டியனின் உயிரும் மதுரை மாநகரமும் அதற்கு விலையாயின. தயங்கிய காவலனின் பெயரை இளங்கோவடிகள் சொல்லவில்லை. எனினும் அந்தக் கொலைக்களத்தில் அறம் ஒரு கணம் குடியிருந்தது அவன் நெஞ்சில்தான். 400 மீட்டர் தொலைவில் நின்ற படகில் அந்தத் தயக்கம் இருந்தது. இம்முறை அதைக் கலைக்க யாராலும் இயலவில்லை.

வெகுளாமை அதிகாரத்தைத் தொடங்கும்போதே வள்ளுவர் இந்த நுட்பத்தைத் தொட்டுவிடுகிறார். தன் சினம் பலிக்கக்கூடிய இடத்தில் அதைத் தடுத்து நிறுத்துகிறவனே சினத்தைத் தடுத்தவன் ஆவான். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்பது அவர் கருத்து. அதிகாரியிடம் கோபத்தை அடக்கும் பணியாளைப் பொறுமைசாலி என்று யாரும் புகழ்வதில்லை. பணியாளிடம் கோபத்தை அடக்கும் அதிகாரியே அந்தப் பெயருக்கு உரியவர். சினத்தை அடக்குவதற்கு வள்ளுவர் அங்கே ஆளும் சொல் ‘காத்தல்’ என்பது. காவல் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது. பிறரைக் காப்பதற்கு முன் தன் வலிமையைக் காத்துக்கொள்ள வேண்டும் என்ற பொருளைத் தமிழ் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது.

விலகல் எப்போது அறமாகும்?

விலகி நிற்பதையெல்லாம் அறம் என்று சொல்லிவிட்டால் அதுவும் பெரும் பிழையாகும். சோம்பலும் விலகி நிற்கிறது, அச்சமும் விலகி நிற்கிறது, கையூட்டு வாங்கியவனும் விலகித்தான் நிற்கிறான். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும்.

2012-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு காணொளிக் காட்சி நாட்டைத் தலைகுனிய வைத்தது. ஜாரவாப் பெண்கள் உணவுக்காகச் சுற்றுலாப் பயணிகளின் முன்னே ஆட வைக்கப்பட்ட காட்சி அது. அந்த மக்களைக் காக்க வேண்டிய காவலரே அதற்கு உடந்தையாக இருந்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அங்கே விலகி நிற்பது பாதுகாப்பாக இருக்கவில்லை. காட்சிக்கு வழிவிடுவதாக இருந்தது. காவலின் முகம் காட்டை நோக்கித் திரும்பியிருக்க, வெளியிலிருந்து வரும் பேராசை அதன் முதுகுப் பக்கமாக நுழைந்துவிட்டது.

இன்னும் கடினமான சோதனை 2015-ஆம் ஆண்டில் வந்தது. தெற்கு அந்தமானில் திரூர்ப் பகுதியில், ஐந்து மாதக் கைக்குழந்தை ஒன்று கொல்லப்பட்டதாகக் காவல் நிலையத்துக்குத் தகவல் வந்தது. குழந்தையின் தாய் ஜாரவாப் பெண். குழந்தையின் நிறம் வெளுத்திருந்ததால், தந்தை வெளியாள் என்று கருதப்பட்டது. கொன்றதாகச் சொல்லப்பட்டவர் ஜாரவா இனத்தவர். சாட்சிகள் இருந்தனர். ஆனால் அத்தகைய குழந்தைகளை ஏற்பதில்லை என்ற வழக்கம் அந்த மக்களிடம் உண்டு என்று கூறப்பட்டது. காவல் அதிகாரிகள் பழங்குடி நலத் துறையிடம் ஆலோசனை கேட்டனர். ஜாரவா மனிதர் கைது செய்யப்படவில்லை. அந்தப் பெண்ணிடம் அத்துமீறியதாகக் குற்றம் சாட்டப்பட்ட வெளியாளும், மது கொடுத்துத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்ட மற்றொருவரும் கைதாயினர்.

இங்கே மனம் எளிதில் ஆறுதல் அடைவதில்லை. சென்டினல் கரையில் இறந்தவர் ஆபத்தை அறிந்து தாமே தேடிச் சென்றவர். இந்தக் குழந்தை எதையும் தேடிச் செல்லவில்லை. அதற்காகப் பேச யாரும் இல்லை. வழக்கம் என்ற ஒரு சொல்லால் ஒரு பச்சிளம் உயிரின் மதிப்பைத் துடைத்துவிட முடியுமா? முடியாது. ஜாரவாக் குழந்தையின் உயிரும் மற்ற எந்தக் குழந்தையின் உயிரும் ஒன்றே.

எனினும் காவல் நிலையத்தில் அமர்ந்திருந்த அதிகாரியின் முன் இருந்த வழிகளையும் பார்க்க வேண்டும். ஜாரவாக்கள் சில நூறு பேரே உள்ள இனத்தவர். அம்மனிதரைப் பிடித்து, அவருக்குத் தெரியாத மொழியில் வழக்கு நடத்தி, நோய்கள் நிறைந்த சிறையில் அடைத்தால் அது அவருக்கு மரண தண்டனையாகவே முடியலாம். பல ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த நம்பிக்கையும் அன்றே முறியும். 1996-ஆம் ஆண்டில் கால் எலும்பு முறிந்த ஒரு ஜாரவாச் சிறுவனைப் போர்ட் பிளேர் மருத்துவமனையில் பல மாதம் வைத்துக் குணப்படுத்தி அனுப்பிய பிறகுதான், 1997-ஆம் ஆண்டிலிருந்து அவர்கள் பகை நீங்கி வெளியே வரத் தொடங்கினார்கள். நம்பிக்கை முறிந்தால் அடுத்த குழந்தைக்கு ஆபத்து நேரும்போது தகவல் சொல்லக்கூட எவரும் வரமாட்டார்கள்.

அதிகாரிகள் தேர்ந்தெடுத்த வழி முழு நீதி ஆகாது. தீமையின் வேரை, அதாவது காட்டுக்குள் மதுவோடும் இச்சையோடும் நுழைந்த வெளியாரை, அவர்கள் பிடித்தனர். அந்த அளவில் அது நீதி. குழந்தைக்குக் கிடைக்காத நீதி கிடைக்காததாகவே நின்றது. விலகி நிற்கும் அறத்துக்கு ஓர் இலக்கணம் உண்டென்றால், அது இங்கேதான் தெரிகிறது. உண்மையாக விலகுபவனுக்கு அந்த விலகல் வலிக்கும். தான் செய்யாமல் விட்டதன் விலையை அவன் அறிவான். அதை மறைக்க மாட்டான். செய்ய முடிந்த மற்றொன்றை உடனே செய்வான். சோம்பேறிக்கு வலி இல்லை. கையூட்டு வாங்கியவனுக்கு இலாபம் இருக்கிறது. இந்த ஒன்றை வைத்தே இவர்களைப் பிரித்து அறியலாம்.

எந்தப் பக்கம் பார்த்து நிற்பது?

2025-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் மற்றோர் அமெரிக்க இளைஞர் தனியே படகோட்டிச் சென்று வடக்கு சென்டினல் கரையில் இறங்கினார். ஒரு பான டின்னையும் தேங்காயையும் அங்கே வைத்துவிட்டு, சில நிமிடங்களில் திரும்பினார். இம்முறை எவருக்கும் உயிரிழப்பு இல்லை. இரண்டொரு நாட்களில் அந்தமான் காவல்துறை அவரைக் கைது செய்தது. தீவைக் காப்பது என்றால் தீவுக்கு முதுகைக் காட்டி, கடலை நோக்கி நிற்பது என்பதை அது தெளிவாக உணர்ந்திருந்தது. வீட்டைக் காக்கும் காவலாளி வாசலில் நிற்கும்போது முகம் தெருவை நோக்கித்தானே இருக்கும்?

2018-ஆம் ஆண்டு நிகழ்வில் மற்றொரு குரலும் ஒலித்தது. இறந்த இளைஞரின் குடும்பத்தார், தங்கள் மகனின் சாவுக்குக் காரணமானவர்களை மன்னிப்பதாக அறிவித்தனர். தீவில் அவருக்கு உதவியதற்காகக் கைதான நண்பர்களை விடுவிக்குமாறும் கேட்டுக்கொண்டனர். மகனை இழந்த வீட்டிலிருந்து வந்த சொல் அது. பழி கேட்கும் உரிமை யாருக்கேனும் உண்டென்றால் அது அவர்களுக்குத்தான் இருந்தது. அந்த உரிமையை அவர்கள் பயன்படுத்தவில்லை. காவல்துறையின் படகு கடலில் செய்ததை அந்தக் குடும்பம் தன் வீட்டுக்குள் செய்தது.

அந்தமான் கடலுக்குச் செல்லும் வாய்ப்பு எல்லோருக்கும் அமைவதில்லை. எனினும் எதிரே நிற்பவரைவிட நாம் வலியவராக இருக்கும் கணம் எல்லோருக்கும் தினமும் வருகிறது. தவறு செய்துவிட்டு நிற்கும் பிள்ளையின் முன்னே தந்தைக்கு அது வருகிறது. விடை தெரியாமல் விழிக்கும் மாணவனின் முன்னே ஆசிரியருக்கும், கைநாட்டு வைக்க வந்த முதியவரின் முன்னே அலுவலகத்து எழுத்தருக்கும், பாத்திரத்தைக் கைதவறிப் போட்டு உடைத்த வேலைக்காரப் பெண்ணின் முன்னே வீட்டுத் தலைவிக்கும் அது வருகிறது. கை உயரலாம், சொல் பாயலாம். தடுப்பவர் எவரும் இல்லை. கேட்டால் நியாயமும் நம் பக்கமே இருக்கும்.

அந்த நேரத்தில் சற்றே நின்று மூன்றைக் கேட்டுக்கொள்ளலாம். எதிரே இருப்பவர் இதை அறிந்து செய்தாரா? என் வலிமை இப்போது சென்று விழுந்தால் எவ்வளவு அழியும்? நான் விலகினால், அதன் விலையை ஏற்று, செய்ய வேண்டிய மற்றொன்றைச் செய்யப் போகிறேனா, இல்லை சும்மா இருந்துவிடப் போகிறேனா? இவற்றுக்கு நேர்மையாக விடை சொல்லிவிட்டு எடுக்கும் முடிவு, முன்னே செல்வதாக இருந்தாலும் திரும்புவதாக இருந்தாலும், அறத்துக்கு வெகு தொலைவில் இராது.

அன்று படகு திரும்பியபோது கரையில் நின்றவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது. வந்தவர்கள் எவ்வளவு வலியவர்கள் என்பதும் தெரியாது. அந்த வலிமை எதற்காக அடங்கியது என்பதும் தெரியாது. அவர்கள் நன்றி சொல்லப் போவதில்லை. வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் சென்றிருப்பார்கள். அங்கே அவர்களுடைய குழந்தைகள் காத்திருந்திருப்பார்கள்.